பானெட் ஓரத்து ரப்பர்

பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை முதல் தாளில் உள்ளபடி. வயது நாற்பத்து மூன்று. தொழில் கார் ஏ.சி. மெக்கானிக். வாக்குமூலம் எழுதத் தொடங்கிய நேரம் 19-ஆம் தேதி காலை ஒன்பதே முக்கால் மணி.

நான் மேற்படி விலாசத்தில் என் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். கால்வாய் ரோட்டில் உள்ள ஏ.சி. பட்டறையில் இருபத்தொரு வருடமாக வேலை செய்து வருகிறேன். முதல் தாளில் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. காது என்று கேட்டால் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். கார் ஏ.சி.யில் எந்தச் சத்தம் வந்தாலும் எதையும் கழற்றாமல் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவேன் என்பதால் முதலாளி வைத்த பெயர் அது. புளோயரில் காய்ந்த இலை சிக்கினால் சரசரக்கும். காற்றின் திசையை மாற்றும் சின்ன மோட்டாரில் பல் உடைந்தால் வண்டி கிளப்பியதும் பத்துத் தடவை டக்டக்கென்று அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். கேஸ் குறைந்தால் டேஷ்போர்டுக்குள் சீறும். கம்ப்ரசர் உள்ளே தேய்ந்திருந்தால் ஏ.சி. போட்டதும் கடகடக்கும், அணைத்ததும் நின்றுவிடும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பிறகு நடந்தது விளங்காது என்பதால் முதலிலேயே சொல்கிறேன்.

இம்மாதம் நான்காம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு டீச்சர் ஒருவர் தன் பச்சை நிறக் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். கூட அவருடைய மகள் இருந்தாள். நான்கு வயது இருக்கும். அம்மா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலேயே அவளும் படிக்கிறாள். தினமும் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் காரில் போய் வருகிறார்கள். ஏ.சி. போட்டால் முன்பக்கம் சத்தம் வருகிறது என்றும் நாளுக்கு நாள் கூடுகிறது என்றும் டீச்சர் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மகள் எட்டுக் கேள்வி கேட்டுவிட்டாள். என் கை ஏன் கறுப்பு, இந்த மெஷின் எதற்கு, இங்கே பூனை இருக்கிறதா என்று கேட்டபடி பின்சீட்டிலிருந்து இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அவளை வாயாடி என்று கூப்பிட்டார்.

அதன் பிறகு நான் முன்சீட்டில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பி ஏ.சி.யைப் போட்டேன். சத்தம் வந்தது. அணைத்தேன், நின்றது. இப்படி மூன்று தடவை போட்டு அணைத்துப் பார்ப்பது என் வழக்கம். மூன்று தடவையும் ஒரே மாதிரி வந்தால் அதற்கு மேல் யோசிக்க மாட்டேன். ஏ.சி.யோடு வந்து ஏ.சி.யோடு போகும் சத்தம் ஏ.சி.யுடையதுதான் என்று இருபத்தொரு வருடம் நம்பி வந்தேன். அதன் பிறகு இறங்கி, நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கம்ப்ரசர் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே லேசாகக் கடகடத்தது. பதினோரு வருடம் ஓடிய எந்தக் கம்ப்ரசரும் அவ்வளவு கடகடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டதால் அது போதுமானதாக இருந்தது.

கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது, கடகடக்கிறது என்று டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தக் குழந்தை குறுக்கே பேசினாள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

"மாமா, அது கடகடன்னு இல்ல. கார் துப்புது. து, து, து."

"காருக்கு வாய் ஏதும்மா துப்புறதுக்கு?" என்று நான் சிரித்தேன்.

"வாய் இல்லாமயா இவ்வளவு சத்தம் போடுது?" என்றாள்.

பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தத்தைப் பற்றி நான்கு வயசுப் பிள்ளை எனக்குச் சொல்லித்தருகிறதா என்று ஒரு சின்ன எரிச்சலும் இருந்தது. டீச்சர் அவள் வாயைப் பொத்தி, மன்னிச்சுக்குங்க அண்ணா என்றார். காரை விட்டுவிட்டு அவர்கள் ஆட்டோவில் போனார்கள்.

மறுநாள் ஐந்தாம் தேதி காலை பழைய கம்ப்ரசரைக் கழற்றிவிட்டு புதுக் கம்ப்ரசர் மாட்டி, கேஸ் ஏற்றி, வண்டியைக் கிளப்பினேன். சத்தம் குறைந்திருந்தது. போகவில்லை. புதுக் கம்ப்ரசர் லேசாகச் சுற்றுவதால் இன்ஜினுக்குப் பாரம் குறைந்து, அதனால் சத்தமும் குறைந்திருக்கிறது என்பது இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. முதலாளி உள்ளேயிருந்து, "சத்தம் போச்சா, காது?" என்று கேட்டார். நான் போச்சு என்று சொன்னேன். இல்லை, இன்னும் இருக்கிறது, எனக்குப் பிடிபடவில்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் இன்று நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு மிச்சச் சத்தத்தை அடக்கும் வேலையில் இறங்கினேன். காரை வெளியே ஓட்டிப் பார்த்தபோது பானெட்டின் பின் ஓரத்தில், முன்கண்ணாடியை ஒட்டி, குறுக்கே ஓடும் ரப்பர் பட்டை காய்ந்து விறைத்து, பாதி கிளிப்பிலிருந்து கழன்று படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதுவும் ஒரு சத்தம். சத்தம் போடும் எதையும் நான் விட்டுவைப்பதில்லை. அதைப் பிடுங்கி, வராத இடத்தில் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டேன். அந்த ரப்பர் அழகுக்கு வைத்தது அல்ல. இன்ஜின் பக்கத்துக் காற்று, வைப்பரின் கீழே உள்ள காற்று வழிக்கு வந்து சேராமல் அடைப்பதற்கு வைத்தது. ஏ.சி. வெளிக்காற்றை இழுப்பது அந்த வழியாகத்தான். இது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஞாபகம் வந்தது, அதனால் என்ன, கொஞ்சம் இன்ஜின் சூடு வரும் அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அதன் பிறகு டேஷ்போர்டுக்குக் கீழே தடித்த பஞ்சுப் பட்டை ஒட்டினேன். உள்ளே உட்கார்ந்தால் சத்தம் கேட்கவில்லை. வெளியே நின்றால் கேட்டது. பில்லில் சத்தம் சரி செய்யப்பட்டது என்று என் கையாலேயே எழுதினேன். மாலை டீச்சர் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். குழந்தைக்கு அடைத்த காற்று சேராது, குமட்டும், அதனால் ஏ.சி.யை எப்போதும் வெளிக்காற்றில்தான் வைப்பேன், பரவாயில்லையா என்று கேட்டார். தாராளமா வையுங்க என்றேன். போகும்போது, "கண்ணாடிய மட்டும் முழுசா ஏத்திக்கங்க டீச்சர், ஒரு சத்தம் கேக்காது" என்று நானாகவே சொன்னேன். அவர் கேட்காமல் நான் கொடுத்த யோசனை அது.

பதின்மூன்றாம் தேதி மாலை நான் வீட்டில் இருந்தபோது டீச்சர் போன் செய்தார். நன்றி சொல்வதற்காகத்தான் செய்தார்.

"இப்ப சத்தமே இல்லைண்ணா. வாயாடிகூட ஏறி உக்காந்த பத்தாவது நிமிஷம் தூங்கிடறா. எனக்கே கண்ணு சொக்குதுன்னா பாத்துக்கங்க. தலைவலி ஒண்ணுதான், அது வெயிலுக்கு வர்றது."

நான் பூரித்துப்போய் இதை மனைவியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே, அந்த வயசுப் பிள்ளை சாயங்காலம் நாலு மணிக்குத் தூங்காதே, உடம்புக்கு என்னவாம் என்று கேட்டாள். உனக்கு எதிலும் ஒரு குறை கண்டுபிடித்தாக வேண்டும் என்று நான் கத்தினேன். "மிக்சி சத்தத்த வச்சே என்ன கெட்டுப்போச்சுன்னு சொல்ற மனுஷன், நான் பேசினா மட்டும் காது கேக்காது" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள். அதன் பிறகு ஐந்து நாள் நான் அதைப் பற்றி நினைக்கவேயில்லை.

நேற்று பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி சுமாருக்கு எங்கள் பட்டறைக்குப் பக்கத்து ஷெட்டில் சைலன்சர் வெல்டிங் செய்பவரோடு டீ குடிக்கப் போனேன். பொறி பறக்க வேலை செய்வதால் அவரைப் பொறி என்போம். அவருடைய ஷெட்டில் ஒரு டாக்ஸி நின்றது. பானெட் திறந்திருந்தது. டிரைவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபோது டீச்சர் காரில் கேட்ட அதே சத்தம் கேட்டது. நான் டீ டம்ளரோடு முதுகைத் திருப்பி நின்றிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், கம்ப்ரசர் தேஞ்சிருக்கு, எங்கிட்ட அனுப்பு என்று பொறியிடம் சொன்னேன்.

பொறி விழுந்து விழுந்து சிரித்தார். "யோவ் காது, இந்த வண்டியில கம்ப்ரசரே இல்லய்யா. முந்தாநாள் கழட்டினது உங்க கடையிலதான் கெடக்கு."

நான் போய்ப் பார்த்தேன். கம்ப்ரசர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. சத்தம் வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு பொறி ஈரத்துணியை எடுத்து, இன்ஜினிலிருந்து புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் அழுத்திப் பிடித்தார். சத்தம் நின்றது. துணியை எடுத்தார், வந்தது. அந்த இடத்தில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் வெந்துபோய், சுற்றிலும் கரி படிந்திருந்தது. "எப்படித் துப்புது பாரு" என்றார். அந்தக் குழந்தை சொன்ன அதே வார்த்தை. ஏ.சி. போட்டால் மட்டும் இந்தச் சத்தம் வருமா என்று கேட்டேன். ஆரம்பத்தில் அப்படித்தான் வரும், ஏ.சி. போட்டால் இன்ஜினுக்குப் பாரம் ஏறுகிறது, பாரம் ஏறினால் துப்பும் என்றார். ஏ.சி.க்காரர்கள் பாதிப் பேர் இதில் ஏமாறுவார்கள் என்றும் சொன்னார். நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்ததால் என் தோளைப் பிடித்து இழுத்து, "மூஞ்சிய அங்க வைக்காதய்யா. வாசனை பெரிசா தெரியாது. அஞ்சு நிமிஷத்துல தலை வலிக்கும், பத்து நிமிஷத்துல தூக்கம் வரும், அப்புறம் எழுந்திரிக்க மாட்டே" என்றார்.

அப்போது பொறியின் ஷெட்டுக் கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து. பள்ளிக்கூடம் மூன்றே காலுக்கு விடும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். டம்ளரை எங்கே வைத்தேன் என்று தெரியாது. டீச்சருக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஐந்து தடவை செய்தேன். வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டேன், கைப்பைக்குள் போட்டுப் பின்னால் வைத்துவிடுவேன் என்று அவர் முதல் நாளே பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது. அதன் பிறகு எங்கள் பட்டறைக்கு ஓடி முதலாளியிடம் சொன்னேன். பதறாதே, நாளைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லு, பார்த்துக்கொள்ளலாம் என்றார். இன்னும் ஒரு மணி நேரம் அவர்கள் அந்தக் காற்றைத்தான் சுவாசிப்பார்கள் என்று நான் சொன்னது அவருக்கு ஏறவில்லை. அவரோடு பேசிக்கொண்டிருக்க நேரமில்லாமல் பொறியின் பைக்கை எடுத்தேன். அவருடைய ஹெல்மெட்டை அவரே என் தலையில் மாட்டிவிட்டார்.

டீச்சர் எந்த வழியில் போவார் என்பது தெரியும். கால்வாய் ரோடு முடிந்து பாலம் ஏற வேண்டும். பாலத்தில் ரிப்பேர் வேலை நடப்பதால் ஒரு பக்கம்தான் திறந்திருக்கிறது. தினமும் அரை மணி நேரம் அங்கேயே நிற்கிறேன் அண்ணா, வாயாடி இல்லையென்றால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். வண்டி ஓடினால் காற்றில் புகை கொஞ்சம் அடித்துக்கொண்டு போகும். நின்ற வண்டியில் அது மேலே ஏறி, நேராக வைப்பருக்குக் கீழேதான் போகும். போகிற வழி முழுக்க இதையே நினைத்துக்கொண்டு போனேன். யார் மீதும் மோதவில்லை. ஒரு சிக்னலை மதிக்காமல் போனேன், அதையும் எழுதிக்கொள்ளலாம்.

பாலத்தில் மூன்று ஐம்பதுக்கு ஏறினேன். கார்கள் ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன. நடுவில் புகுந்து போனபோது பச்சைக் காரைப் பார்த்தேன். பின்கண்ணாடியில் குழந்தை ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர்கள் இருந்தன. எல்லாக் கண்ணாடியும் முழுசாக ஏறியிருந்தது. குழந்தை பெல்ட்டில் சாய்ந்து, வாய் திறந்தபடி கிடந்தாள். டீச்சர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது.

நான் கண்ணாடியைத் தட்டினேன். என்னைப் பார்த்தார், ஆனால் பார்த்த மாதிரி இல்லை. நான்தான் காது, கண்ணாடியை இறக்குங்கள் என்று கத்தினேன். தலையில் ஹெல்மெட் இருப்பது எனக்கே ஞாபகம் இல்லை. கையும் சட்டையும் கிரீஸ், முகம் தெரியாத ஒருவன் கண்ணாடியை அடிக்கிறான் என்றால் எந்தப் பெண்ணும் என்ன செய்வாளோ அதைத்தான் அவரும் செய்தார். கையைத் தூக்க முடியாமல் தூக்கிக் கதவுப் பூட்டை அழுத்தினார். அதுதான் அவர் சுயநினைவோடு கடைசியாகச் செய்தது. அதன் பிறகு அவருடைய தலை ஸ்டீயரிங்கில் சாய்ந்தது. கார் மெதுவாக நகர்ந்து முன்னால் நின்ற வேனில் முட்டி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே நின்ற எனக்கு அந்தத் துப்பும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

நான் பொறியின் பைக் பெட்டியிலிருந்து அவருடைய வெல்டிங் சுத்தியலை எடுத்து, குழந்தை உட்கார்ந்திருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கப் பின்கதவுக் கண்ணாடியை உடைத்தேன். இரண்டாவது அடியில் உடைந்தது. கையை உள்ளே விட்டுப் பூட்டை எடுத்து, பெல்ட்டைக் கழற்றி, குழந்தையைத் தூக்கிப் பாலத்து நடைபாதையில் படுக்க வைத்தேன். தூக்கும்போது அவள் உடம்பு துணி மாதிரி தொங்கியது. அதன் பிறகு திரும்பி வந்து உள்பக்கமாகவே பூட்டை எடுத்து முன்கதவைத் திறந்து, சாவியைத் திருகி இன்ஜினை அணைத்து, டீச்சரின் இரண்டு கையையும் பிடித்து வெளியே இழுத்தேன். என் மேல் புகார் கொடுத்தவர் பாலத்தில் நின்று இதைத்தான் பார்த்திருக்கிறார். அவர் எழுதிக்கொடுத்ததில் பொய் எதுவும் இல்லை. கண்ணாடியை உடைத்தது, குழந்தையைத் தூக்கியது, பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்தது எல்லாம் நான்தான். இப்படி இருவரையும் வெளியே எடுத்தேன்.

அதற்குள் யாரோ பிள்ளை பிடிக்கிறவன் என்று கத்தினார்கள். அதன் பிறகு எத்தனை பேர் அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. அடையாளம் காட்டவும் விரும்பவில்லை. வண்டிப் புகை, வண்டிப் புகை, பிள்ளையைத் தூக்காமல் காற்று வர விடுங்கள் என்று கத்தினேன். என் ஹெல்மெட்டைக் கழற்றி அதாலேயே இடது பக்கம் ஓங்கி அடித்தார்கள். அதோடு அந்தப் பக்கச் சத்தம் எல்லாம் அடங்கிப்போனது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஒரு நர்ஸம்மா குழந்தையின் மூக்கில் கை வைத்துப் பார்த்து, "மூச்சு இருக்கு, ஆனா எழுப்பினா எழுந்திரிக்கல. அவன் என்னமோ சொல்றான், அவன விடுங்க முதல்ல" என்று அதட்டிய பிறகுதான் விட்டார்கள். அவர் மட்டும்தான் நேற்று அந்தப் பாலத்தில் காது கொடுத்துக் கேட்டவர். ஆம்புலன்ஸ் வந்ததும், என்னைப் பிடித்திருந்த போலீஸ்காரரிடம், டாக்டரிடம் மயக்கம் என்று சொல்லாதீர்கள், வண்டிப் புகை என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் சொன்னதாக இன்று காலை தெரிந்துகொண்டேன். அதற்கு அவருக்கு நன்றி சொல்கிறேன்.

டீச்சருக்கு நேற்று மாலையே நினைவு திரும்பிவிட்டதாகவும், குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்திருப்பதாகவும், இன்னும் பேசவில்லை என்றும் நேற்று சொன்னார்கள்.

நேற்று மாலை ஆறு மணிக்கு முதலாளி என்னைப் பார்க்க ஸ்டேஷனுக்கு வந்தார். வக்கீலிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். இருபத்தொரு வருடமாக எனக்குச் சோறு போட்டவர், என் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியவர். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அவர் சொன்னதைச் சொல்லாவிட்டால் இந்த வாக்குமூலம் அரைகுறையாகிவிடும். "பாலத்துல நடந்தத மட்டும் சொல்லு. ஊரே உன்னத் தூக்கி வச்சிக் கொண்டாடும். ரப்பர் கிப்பர்னு ஆரம்பிச்சா நீயும் உள்ள போவே, பட்டறையும் மூடணும். அதப்பத்தி உன்ன யார் கேட்டா?" என்றார். யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். அவர் போன பிறகு என் மனைவி மாற்றுச் சட்டையோடு வந்தாள். இடது காதில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். இந்தத் தடவை அவள் பேசியதைக் குறுக்கே விழாமல் கேட்டேன். என்ன சொன்னாள் என்பது எங்கள் வீட்டு விஷயம்.

மேற்படி ரப்பர் பட்டை எங்கள் பட்டறையின் பின்சுவரில், பழைய பெல்ட்டுகள் தொங்கும் ஆணியில் இருக்கிறது. இரண்டு துண்டாக இருக்கும். வெட்டிய இடம் புதிதாகத் தெரியும். அதையும், நான் எழுதிய பில்லின் நகலையும் போலீசார் கைப்பற்றிக்கொள்ளலாம். டீச்சரின் காரில் புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், கரி படிந்திருக்கும். பார்க்கும்போது பொறியைக் கூட்டிப்போங்கள். என்னைக் கூட்டிப்போக வேண்டாம்.

இந்த இடத்தில் ஸ்டேஷனுக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரியில் காவலுக்கு இருந்தவர் பேசினார். குழந்தை கண் விழித்துவிட்டதாகவும், விழித்த நேரத்திலிருந்து வாய் ஓயவில்லை என்றும், ஊசி போட வந்தவரிடம் ஏழெட்டுக் கேள்வி கேட்டுவிட்டு, கார் துப்புவதை நிறுத்திவிட்டதா என்று அம்மாவிடம் கேட்டதாகவும் இதை எழுதிவரும் எழுத்தர் என்னிடம் சொன்னார். அதன் பிறகு பத்து நிமிடம் எழுதுவது நிறுத்தப்பட்டது.

மறுபடி தொடங்கியபோது எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. அடிபட்ட இடது காதில் நேற்றிலிருந்து ஒரு சத்தம் இருந்துகொண்டே இருக்கிறது. வெளியே எதுவும் கேட்கவில்லை, உள்ளே மட்டும் கேட்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

நான்காவது தாளில், பாலத்தில் நடந்ததைச் சொல்லும் இடத்தில், இருவரையும் காப்பாற்றினேன் என்று எழுத்தர் எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். நான் சொன்ன வார்த்தை அது அல்ல. அவர்களை அங்கே பூட்டி வைத்ததும் நான்தான். அதனால் அந்தச் சொல்லை அடிக்கச் சொல்லி, வெளியே எடுத்தேன் என்று மாற்றச் சொன்னேன். அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது.

எனக்கு இடது பக்கம் கேட்காததால் எழுத்தர் நாற்காலியை என் வலது பக்கம் போட்டு உட்கார்ந்து, எழுதியது அனைத்தையும் முதலிலிருந்து படித்துக் காட்டினார். குழந்தை சொன்ன வரியை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். குறுக்கே எதுவும் பேசாமல் கடைசி வரை கேட்டேன். யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொல்லவில்லை. இதில் உள்ளது எல்லாம் நான் செய்ததும் நான் சொன்னதும்தான், அவ்வளவும் உண்மை.

(கையெழுத்து)